நான்கு அங்குலம் அல்ல, நான்கு சுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் மருத்துவக் குறிப்பில், வயிறு ஊதினால் தொப்புளுக்கு மேலே 4 அங்குலத்தில் அழுத்தச் சொல்லியிருந்தீர்கள். அதை வாசித்த என் மருமகள், என் தையல் மேசையிலிருந்த அளவு நாடாவை எடுத்து ஒன்பது வயதுப் பேத்தியின் வயிற்றில் அளந்து, பெருவிரலால் அழுத்தினாள். பிள்ளை வீரிட்டு அழுதாள். ஓடிப்போய்ப் பார்த்தால், விரல் நெஞ்செலும்பின் நுனியை ஒட்டி நிற்கிறது.

நீங்கள் எழுதிய புள்ளி, சீன ஊசி வைத்தியமான அக்குபங்சரில் சோங்வான் எனப்படுவது. உடம்பின் முன்பக்க நடுக்கோட்டில் ஓடுவதாகச் சொல்லும் ரென் நாளத்தின் 12ஆவது புள்ளி. அது தொப்புளுக்கு மேலே 4 சுன். சுன் என்பது சீன நீள அளவு. 4 அங்குலம் அல்ல. சீனாவில் கடைக்காரர் துணி அளக்கும் சுன் சுமார் 3.3 சென்ரிமீற்றர். வைத்தியத்தில் சொல்லும் சுன் அதுவும் அல்ல. நோயாளியின் சொந்தப் பெருவிரல் மூட்டின் அகலமே அவருக்கு ஒரு சுன். தொப்புளிலிருந்து நெஞ்செலும்பு முடியும் இடம்வரை யாருக்கும் 8 சுன் என்று வைத்துக்கொள்வார்கள். எனவே சோங்வான் அதன் சரிபாதியில் இருக்கிறது.

முப்பது வருடமாக வெள்ளவத்தையில் சட்டை தைக்கிறேன். ஒருவரின் அளவில் இன்னொருவருக்கு வெட்டினால் துணிதான் வீண். இங்கே வீணாவது உடம்பு. எனக்கு ஊசி போட்ட வைத்தியர் ஒரு நூலை நெஞ்செலும்பு நுனியிலிருந்து தொப்புள்வரை பிடித்து, இரண்டாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் மையால் புள்ளி வைத்தார். அன்று பேத்திக்கும் அப்படியே செய்து பார்த்தேன். முழு நூல் 5 அங்குலம். பாதி இரண்டரை. 4 எங்கே, இரண்டரை எங்கே?

களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் செய்த காலத்திலிருந்தே கொழும்பில் இதை நம்பிப் போகிறவர்கள் உண்டு. நானும் நம்புகிறவள். புளியேப்பமும் உப்புசமும் என்னை வாட்டிய நாட்களில் எனக்குச் சுகம் தந்த புள்ளி இது. சீன வைத்தியர்கள் இதை இரைப்பையின் சக்தி திரளும் இடம் என்கிறார்கள். வயிற்றுவலி, வாந்தி, செரியாமை எல்லாவற்றுக்கும் இங்கே கை வைப்பார்கள். சிலருக்கு ஊசி போடாமல் மாசிபத்திரி வகை மூலிகையை எரித்து அனலும் காட்டுவார்கள். இவ்வளவு மதிப்புள்ள புள்ளியை இடம் தவறிச் சொல்லலாமா?

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. கர்ப்பிணிகளின் வயிற்றை அழுத்தக் கூடாது. திடீரென்று கடுமையாக வலித்தாலோ, காய்ச்சலோடு வயிறு கல்லாக இறுகினாலோ புள்ளி தேடி நேரம் கழிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்தத் திருத்தத்தைப் போடுங்கள். அந்தத் துண்டை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பவர்கள் என் மருமகள் மட்டுமாக இருக்க மாட்டார்கள்.

ஒரு தையற்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 6