மூன்று பேருக்குச் செய்த பெட்டி

அன்பு மகள் தேவிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா பசாருக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் முடித்துவிட வேண்டும். போனில் பேசினால் பாதியில் பிடுங்கிக்கொள்வாள். அப்புறம் சாம்பார் பொடி வந்ததா, ஊறுகாய் வந்ததா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும்.

சித்திக்கு நீ அனுப்பிய படங்கள் எனக்கும் வந்தன. நேராகவே எனக்கு அனுப்பியிருக்கலாம். சரி, அது போகட்டும். ஹூஸ்டனில் சாவுச் சடங்குகளுக்கென்று ஒரு மியூசியம், அதை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. 1992-இல் திறந்ததாமே. மாப்பிள்ளை கூட வந்தாரா? ஒரு படத்திலும் அவரைக் காணோம். அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் தனியாகப் போகாதேம்மா.

1916-ஆம் ஆண்டு பஸ்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சவப்பெட்டி, அதைத் தூக்குகிறவர்கள், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும்? சான் பிரான்சிஸ்கோ மேட்டில் பின்பாரம் தாங்காமல் கவிழ்ந்துவிட்டது. எங்கள் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபோர்மன் இருந்திருந்தால், அதை வரைந்தவனை நாள் முழுக்க வெயிலில் நிறுத்தியிருப்பார். கானாக்காரர்கள் மீன் மாதிரி, விமானம் மாதிரிச் செய்யும் பெட்டிகளும் பார்த்தேன். பின்வீட்டுச் சீனத் தாத்தா இறந்தபோது காகிதத்தில் மெர்சிடிஸ் செய்து எரித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கார் வேண்டும், எரிக்காதே என்று நீ அழுது, உன்னைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

லிங்கன் படத்துக்குக் கீழே நீ ஒன்றும் எழுதவில்லை. ரயில் விஷயம் என்பதால் நானே தேடிப் படித்தேன். அவர் உடலை ஏற்றிய ரயில் 1865 ஏப்ரல் 21 வாஷிங்டனில் கிளம்பி மே 3 ஸ்பிரிங்ஃபீல்டு போய்ச் சேர்ந்திருக்கிறது, ஏறக்குறைய 2,650 கிலோமீட்டர். மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. ஸ்டேஷனுக்குள் வரும்போது இன்னும் மெதுவாக. ராத்திரியிலும் தண்டவாளத்தோரம் நெருப்பு மூட்டிக்கொண்டு ஜனம் நின்றிருக்கிறது. அப்போதைய உள்நாட்டுப் போரில் செத்த பிள்ளைகளை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமே என்றுதான் உடலுக்கு மருந்தேற்றும் பழக்கமே அந்த நாட்டில் பரவியதாம். இதெல்லாம் படித்துக்கொண்டே வந்தால், அந்த ரயிலில் லிங்கன் மட்டும் போகவில்லை. 1862-இல், 11 வயதில், காய்ச்சலில் போன மகன் வில்லியின் பெட்டியையும் எடுத்துவந்து அப்பாவோடு ஏற்றியிருக்கிறார்கள். அதற்குமேல் எஞ்சினைப் பற்றிப் படிக்க எனக்கு மனம் போகவில்லை.

சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளை கேட்டால் எல்லாம் நார்மல் என்கிறார். வேலைக்குப் போகிறாய், வருகிறாய் என்கிறார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்று யார் சொன்னது? நீ புது புராஜெக்டுக்குத் தலைவியானதைக் கோயிலில் எல்லாரிடமும் சொன்னேன். தோட்டத்தில் பால் மரம் சீவிய கிழவியின் பேத்தி கடலுக்கடியில் குழாய் போடுகிறாள் என்றேன். உன் அம்மா என் கையைக் கிள்ளினாள், கண்பட்டுவிடும் என்று. ஆனால் அந்த வேலை கிடைத்ததையும் நாங்கள் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நேரத்துக்குச் சாப்பிடு.

இறந்தவர்களின் தலைமுடியில் பின்னிய புரூச், மோதிரம் எல்லாம் படம் எடுத்திருந்தாய். அதை மட்டும் அம்மாவிடம் காட்டவில்லை. முதல் முடியைப் பத்துமலையில் இறக்குவதாக அவள் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும்தானே. இப்போது அந்தப் பக்கம் பேச்சே எடுப்பதில்லை.

ஆகஸ்டில் நடந்ததை உன்னிடம் யாரும் கேட்கக்கூடாது, கேட்டால் மனசு விட்டுப்போகும் என்று பெரியத்தை சொல்லிவிட்டார். நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் நீ அந்த மூன்று பேருக்கான பெட்டியை நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்திருக்கிறாய். வேறு எதையும் அப்படி எடுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு புருஷனும் பெண்சாதியும் சொல்லிச் செய்தது என்று படித்தேன். என்ன நினைத்து அப்படிச் சொன்னார்கள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் தேவி, அவர்கள் மனம் மாறிவிட்டார்கள். பெட்டி காலியாகவே நின்றுவிட்டது. பல வருஷம் கழித்து, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்களாம். நீ அதையும் படித்தாயா? படித்திருக்க வேண்டும். இனி அங்கே தனியாகப் போகாதே.

நம்மில் பதினாறு நாள், அதுவும் பெரியவர்களுக்கு. பச்சைப்பிள்ளை என்றால் கருமாதி கிடையாது, திவசம் கிடையாது, எரிப்பதும் கிடையாது. புதைத்துவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். இந்த வழக்கம் யார் மனசுக்கு ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை. விக்டோரியா ராணி காலத்தில் பிள்ளையை இழந்த தாய் ஒரு வருஷம் துக்க உடை உடுத்துவாளாம். அந்த உடையைப் பார்த்தால் கல்யாண வீட்டில் எவளும் அடுத்தது எப்போது என்று வாய்விட்டுக் கேட்க மாட்டாள் அல்லவா? அந்த ராணியே 1861-இல் கணவர் போனதிலிருந்து 1901-இல் தான் சாகும்வரை கறுப்பை விடவில்லை. அவ்வளவு வேண்டாம். ஒரு வருஷம் நீ அழுதால் தப்பில்லை என்பது என் எண்ணம். பெரியத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஜாலான் துன் ரசாக்கில் அமெரிக்கத் தூதரகத்துக்கு விசா கேட்டு எழுத வேண்டும். அம்மா மட்டும் வந்தால் போதுமா, நானும் வரவா? லீவெல்லாம் போட வேண்டாம், நாங்கள் பாட்டுக்கு வீட்டில் இருப்போம், அம்மா சமைப்பாள். எந்த மாதம் என்று மட்டும் சொல்.

இன்னொன்று. கோயிலில் மோட்ச தீபம் ஏற்றலாம் என்று நினைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் தேவையில்லை என்று ஐயர் சொன்னார். ஏற்றினால் ஏதும் தோஷமா என்றேன், இல்லை என்றார். நட்சத்திரம் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டேன். பெயர் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு பெயர் வைத்திருந்ததாக மாப்பிள்ளை ஒருநாள் வாய்தவறிச் சொன்னார், என்ன பெயர் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பு. தமிழில் எழுது, ஐயர் தப்பாகப் படித்துவிடப் போகிறார். என் போனுக்கு அனுப்பு, அம்மா போனுக்கு வேண்டாம்.

அப்பா