பகல் மின்சாரத்தை அணைக்க வேண்டாம், தண்ணீரைச் சூடாக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் சுடுநீர்த் தொழில் செய்கிறேன். குளியலறைக் கீசர் பூட்டுவது, கூரையில் வெயிலில் தண்ணீர் சூடாக்கும் தாங்கி வைப்பது, பழுது பார்ப்பது என்று அப்பா காலத்திலிருந்து இதுதான் எங்கள் பிழைப்பு. சில வருடங்களாக சோலர் பனலும் பூட்டிக் கொடுக்கிறோம். கூரைச் சோலர் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதோடு நின்றுவிடுகிறது. குளியலறைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உப மின் நிலையத்தில் புகுந்து அதற்குக் காரணமானதாகச் சொல்லப்பட்ட குரங்கை வைத்து எத்தனையோ பகிடி வந்தது. ஆனால் அந்த நேரத்தைக் கவனித்தவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தொழிற்சாலைகளும் கந்தோர்களும் மூடிக் கிடக்கின்றன, கூரைகளிலிருந்து சோலர் மின்சாரம் கொட்டுகிறது. மின் நிலையங்களின் பெரிய சுழலி இயந்திரங்கள் குறைவாக ஓடும் அப்படியான வேளையில் ஒரு சின்ன அதிர்ச்சி வந்தாலும் தாங்குவது கடினம். அன்று வாடிக்கையாளர் அம்மா ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்: "தம்பி, மேல இவ்வளவு பனல் இருக்கு, பிறகேன் எங்கட வீட்டு ஃபேனும் நிக்குது?" வெளியே கரண்ட் போனால், பனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டர் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்கு ஆபத்து என்று விளங்கப்படுத்தினேன். விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். அவருக்குப் பனல் விற்ற நிறுவனம் சொல்லவில்லை.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து சோலர் மிஞ்சும் என்பதால், பகலில் கூரைச் சோலரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. காசு போட்டுப் பூட்டியதை அணைக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

சரி, அப்படி அணைக்கச் சொன்ன வீடொன்றுக்கு மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். வேலையால் வந்தவர் குளிக்கப் போகிறார், கீசரின் சிவப்பு விளக்கு எரிகிறது. அடுத்த அறையிலும் ஒன்று எரிகிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டில் மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரம், சோலர் ஒரு துளியும் இல்லாத நேரம். அந்த நேரத்துக்காக டீசலும் எண்ணெயும் எரிக்கிறோம்.

கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 28 பாகை. 50 லீற்றர் தாங்கியை 60 பாகைக்குச் சூடாக்க 2 யூனிட் போதும். நல்ல வெயிலில் 5 கிலோவாட் சோலர் அதை அரை மணித்தியாலத்தில் தந்துவிடும். தாங்கியைச் சுற்றி நல்ல காப்பு இருந்தால் மதியம் சூடாக்கிய தண்ணீர் இரவு குளிக்கும்போதும் சூடாகவே இருக்கும். தேவைப்படுவது கீசரின் கரண்ட் தாங்கக்கூடிய ஒரு டைமர். சோலர் மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. தாங்கி இல்லாத உடனடி ஹீட்டருக்கு மட்டும் இது சரிவராது. இடம் மிச்சம் என்று புதிய தொடர்மாடிகளில் அதைத்தான் பூட்டுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

இவ்வளவு இலகுவென்றால் ஏன் யாரும் செய்வதில்லை? செய்தால் வீட்டுக்காரருக்கு ஒரு சதமும் மிஞ்சாது. 2016இல் சோலர் திட்டம் வந்தபோது வீட்டுத் தேவை போக வெளியே கொடுக்கும் மேலதிக யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், அப்புறம் 15.50 என்றார்கள். 2022 நெருக்கடியில் விலை 37 வரை ஏறி, பிறகு இறங்கியது. விலை எதுவானாலும் பெரும்பாலான வீடுகளில் கணக்கு ஒன்றுதான்: நண்பகலில் கொடுத்த யூனிட்டை மாலை ஏழு மணிக்கு எடுத்த யூனிட்டோடு கழித்துவிடுகிறார்கள், அதனால் எப்போது சூடாக்கினாலும் பில் ஒன்றுதான். நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணமுறையிலும் மலிவு நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான். இரவில் நிலக்கரி மின்சாரம் மிஞ்சிய காலத்துக் கணக்கு அது. இன்று மிஞ்சுவது நண்பகலில்.

எங்கள் தொழில்காரருக்கும் ஒன்று சொல்லவேண்டும். கனடாவில் வீடு சூடாக்கும் தொழில் செய்யும் மச்சான் ஒருவரும் சோலரில் இறங்கியிருக்கிறார். வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் பூட்டினால் வீட்டின் கரண்ட் செலவு ஏறும், அதனால் பனலையும் சேர்த்து விற்கிறார்கள். ஆனால் அங்கே சூடு தேவைப்படும் மாதங்களில் வெயில் குறைவு, பனலில் பனி வேறு. நமக்கு அந்தத் தலையிடி இல்லை. அதற்காக, தண்ணீர்க் குழாய் தெரிந்தவர் எல்லோரும் பனலில் கை வைக்கலாம் என்றில்லை. குழாயை வால்வால் மூடலாம், வெயில் இருக்கும்வரை பனலை மூட முடியாது, பல நூறு வோல்ட் நேரோட்ட (DC) மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். நான் தகுதியுள்ள மின்வேலைக்காரர் ஒருவரைச் சேர்த்த பிறகுதான் தொடங்கினேன். காலி வீதிக்குக் கடற்பக்கமுள்ள கூரைகளில் மலிவான தாங்குசட்டம் உப்புக்காற்றில் துருவேறிப் பொருக்காக உதிர்வதையும், பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் பலகை போடாமல் ஏறி வெடிக்கவைத்துவிட்டுப் போனதையும் அடிக்கடி பார்க்கிறேன். இன்னொன்று: கூரையில் வெயில் சுடுநீர்த் தாங்கி இருக்கும் வீட்டுக்கு அவ்வளவு பனல் தேவைப்படாது. அதைச் சொன்னால் என் வியாபாரம் குறையும், இருந்தாலும் சொல்லித்தான் விற்கிறேன்.

மாலையில் பற்றரியிலிருந்து கொடுக்கும் மின்சாரத்துக்குத் தனி விலை அறிவித்திருக்கிறார்கள், நல்லது. பற்றரி வாங்க வசதியில்லாத வீடுகளிலும் கீசர் இருக்கிறது. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வீடுகளுக்கு ஒரு மலிவுக் கட்டணத்தை, மின் கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பரிசீலிக்க வேண்டும். கூரையில் சோலர் இல்லாதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுடுநீர்த் தொழில் செய்யும் வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.