சிவப்பு நிறத்தை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்

நம் கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவுக்கு,

வணக்கம். போன ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டத்தில், சுரங்கத் திட்டத்தில் சங்கப் பணத்தைப் போடச் சொல்லி வந்தவர்கள் காட்டிய காந்தப்புல வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. சிவப்பாக இருக்கும் இடத்தில் தாது கிடக்கிறது என்றார்கள், எல்லாரும் கைதட்டினோம். ஓய்வு பெறும்வரை இந்த அளவீட்டையே செய்தவன் நான். அன்றே எழுந்து பேசியிருக்க வேண்டும்.

காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானிக்குத் தாது தெரியாது. பாறையில் உள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமம்தான் பெரும்பாலும் தெரியும். மேலே மண்ணும் மணலும் மூடியிருந்தாலும் அடித்தளப் பாறை எங்கே பிளந்திருக்கிறது, எங்கே வேறு பாறை ஊடுருவியிருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் என்ற சுரங்கப் பகுதியில் 300 மீட்டருக்கும் கீழே இருந்த செம்பை 1975இல் கண்டார்கள். காந்தப்புலத்தோடு ஈர்ப்பு அளவீட்டையும் சேர்த்துத்தான் இடத்தைக் குறித்தார்கள். முதல் துளையில் செம்பு தட்டுப்பட்டும், பெரிய படிவம் என்று உறுதியானது பத்தாவது துளையில்.

இன்னொன்று. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். துருவப் பக்கம் காந்தப் பாறைக்கு நேர்மேலே அளவு ஏறும், இங்கே பெரும்பாலும் இறங்கும். அப்படியானால் படத்தில் அளவு குறைந்து நீலமாகத் தெரிவதே காந்தப் பாறையாக இருக்கலாம். அதற்கேற்பக் கணக்கைத் திருத்தினார்களா? அப்புறம், ஈயம், அதாவது வெள்ளீயம் (tin) என்று பேசினார்கள். நம் தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பக்க ஈயக் கருங்கற்களில் மேக்னடைட் குறைவு, காந்தத் தன்மை குறைந்த இல்மனைட்தான் இருக்கும். காந்தப் படத்தில் அவை சத்தமில்லாமல் கிடக்கும்.

களத்தில் சின்னத் தவறே போதும். ரெந்திஸ் (அளவீட்டுக்குக் காட்டில் வெட்டும் நேர்ப்பாதை) வெட்டும் தம்பி ஒரு நாள் பாராங் கத்தியோடு என் பக்கத்தில் வந்து நின்றான், அளவு துள்ளியது. அந்தப் புள்ளியை மறுபடியும் எடுத்தோம். பூமியின் புலமும் காலைக்கும் நண்பகலுக்கும் மாறும். அதைக் கழிக்க ஒரே இடத்தில் இன்னொரு கருவி நாள் முழுக்க ஓட வேண்டும்.

சரி, வாக்கெடுப்புக்கு முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: மூல அளவுகள், அளந்து சென்ற கோடுகளுக்கு இடையேயான தூரம், அந்த நிலைக் கருவியின் பதிவு, ஒரு துளையின் பாறை மாதிரியாவது. துளை போடவே இல்லை என்றால் பணம் போட இது நேரமில்லை. அது தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள் சேர்த்த காசு. தாள்கள் வந்ததும் கூப்பிடுங்கள், உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சங்கத்தின் பழைய உறுப்பினர்