மூச்சுக்குழாய்க்கு முதலில் ரத்தம்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

கொடையாளியின் மூச்சுக்குழாயிலிருந்து செல்களை நீக்கி, அதில் நோயாளியின் செல்களை விதைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். இல்லை என்பதே என் எண்ணம். செல் நீக்கம் நம் கைக்குள் இருக்கிற வேலை. நீரில் ஊறவைத்து, செல்லைக் கரைக்கும் 4 சதவீத சோடியம் டிஆக்ஸிகோலேட்டில் 4 மணி நேரம், டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியில் 3 மணி நேரம். 2008-இல் பார்சிலோனாவில் ஒரு நோயாளிக்கு இந்த முறையில் குழாய் பொருத்திய சிகிச்சைக்கு இப்படி 25 சுற்று, 6 வாரம் ஆனது. உலர் எடையில் மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் கீழே எஞ்சிய டிஎன்ஏ இறங்க வேண்டும். சுற்றுகள் குறைந்தால் குருத்தெலும்புக்குள் செல் தங்கிவிடும். கூடினால் வளையம் வலுவிழந்து, கழுத்துப் பகுதி மூச்சை இழுக்கும்போதும் மார்புப் பகுதி விடும்போதும் மடங்கும்.

ஆனால் குழாய் கெடுவது பெரும்பாலும் ரத்தம் இல்லாமல்தான். மூச்சுக்குழாய்க்கென எடுத்துத் தைக்க வாகான தனித் தமனி கிடையாது. கீழ்த் தைராய்டு தமனி, மூச்சுக்கிளைத் தமனிகளிலிருந்து மெல்லிய கிளைகள் பக்கவாட்டில் நுழைகின்றன. அவை அறுந்ததும் ஒட்டின், அதாவது பொருத்திய குழாயின், நடுப்பகுதி பட்டினி கிடக்கிறது. விதைத்த எபிதீலியம் (உட்சுவர் செல் படலம்) உரிகிறது, சளியைத் தள்ளும் பிசிர் இல்லாத இடத்தில் சளி தேங்குகிறது, காற்றோடு வரும் கிருமி தொற்றுகிறது, புண்ணில் சதை வளர்ந்து வழி அடைகிறது. பார்சிலோனா நோயாளிக்கு வழியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் மேல் ஸ்டென்ட் வைத்தும், 2016-இல் இடது நுரையீரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிகிச்சையை விவரித்த கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2023-இல் திரும்பப் பெற்றது. ஸ்டாக்ஹோமில் 2011-இல் வைத்த செயற்கைக் குழாய்க்கு உயிருள்ள சுவரே இல்லை. அந்த நோயாளி 2014-இல் இறந்தார். நோயாளிகளை இப்படிச் சோதனைக்கு உள்ளாக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெல்ஜியத்தின் லூவனில் அறுவை மருத்துவர் டெலேரின் குழு வரிசையை மாற்றியது. கொடையாளியின் குழாயை முதலில் நோயாளியின் முன்கைத் திசுவுறையில் சுற்றி, உள்ளே அவருடைய வாய்ச் சளிச்சவ்வையும் ஒட்டியது. 4 மாதத்தில் ரத்தம் பாய்ந்து உட்சுவர் மூடியபின், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை நிறுத்திவிட்டு, ரத்தநாளத்தோடு கழுத்துக்கு மாற்றினார்கள்.

ஆகவே உங்கள் ஆட்டு ஆய்வில் செல் விதைப்பதைத் தள்ளிப்போடுங்கள். செல் நீக்கிய வெறும் சட்டகத்தைக் கழுத்துத் தசைக்குள் புதைத்து, சில வாரம் கழித்து உள்விளிம்பைக் கீறிப் பாருங்கள். இரண்டு முனையில் மட்டுமல்லாமல் நடுவிலும் ரத்தம் கசிந்தால் எபிதீலியம் விதைக்கலாம். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாயின் ஏறத்தாழ பாதி நீளம் வரை வெட்டி நேராக இணைத்துத் தைத்தாலே போதும். அதைவிட நீண்ட இழப்புக்குத்தான் இத்தனை பாடும். ஆய்வில் 2 சென்டிமீட்டர் துண்டு தேறியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

திசுத் துண்டுகளின் படங்களை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி