சோமுவின் நோட்டு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நம் பூனை சோமுவைப் பற்றி நீ கேட்டதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "தினம் ரெண்டு ஊசி குத்தி அவனை இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கிறது கொடுமை இல்லையாப்பா?" என்றாய். நேரில் பேசினால் பாதியிலேயே உனக்கு அழுகை வந்துவிடும், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சோமுவுக்குச் சர்க்கரை என்று தெரிந்து இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. உனக்குச் சொன்னது போன வாரம்தான். புது வேலையில் சேர்ந்த நேரத்தில் உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நானும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டோம். அது தப்பு. அவன் உன் பூனை. உள்ளங்கை அளவில் இருந்தவனைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தவள் நீ. உன்னிடம் மறைத்திருக்கக் கூடாது. இனி அவனைப் பற்றி எதையும் மறைக்க மாட்டேன்.

ஆரம்பத்தில் என் கண்ணில் பட்டது தண்ணீர்க் கிண்ணம். காலையில் நிரப்பினால் மறுநாள் வரை இருக்கும் தண்ணீர், மத்தியானத்துக்குள் அடியைத் தொட்டது. மணல் தட்டில் அவன் சிறுநீர் பட்டுக் கட்டியாகும் எலுமிச்சை அளவு உருண்டைகள் இருக்கும் அல்லவா, அவை ஆரஞ்சு அளவாகிவிட்டன. வெயில் அதிகம், நிறையக் குடிக்கிறான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சொல்லப்போனால், எப்போதும் பசி பசி என்று காலைச் சுற்றினான். ஆனால் தூக்கினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. 7.1 கிலோ இருந்தவன் 5.8க்கு வந்திருந்தான். அம்மாதான் காலைக் கவனித்தாள். பூனை விரல்களை மட்டும் ஊன்றி நடக்கும் பிராணி. இவனோ பின்னங்கால் கணுவரை தரையில் படிய, முயல் மாதிரி நடந்தான். ஜன்னல் திண்டுக்குத் தாவப் பார்த்து, தாவ முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அன்று மாலையே டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே இருந்து நரம்பைப் பாதித்தால் கால் இப்படி ஆகுமாம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு மெல்ல மெல்லச் சரியாகும் என்றார்.

அங்கே எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 412. அந்த ஒரு எண்ணை வைத்து டாக்டர் முடிவு செய்யவில்லை. பயந்துபோன பூனைக்கு நோயே இல்லாமலும் சர்க்கரை ஏறி நிற்கும். அதனால் சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், ஃப்ரக்டோசமைன் என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்தார். அந்த நிமிடத்துப் பதற்றம் அதில் தெரியாது, முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரிதான் தெரியும். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னதும் சந்தேகம் தீர்ந்தது.

நீ ஊருக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று நீயே சொன்னது எனக்கு மிகவும் வலித்தது. அப்படி இல்லை, அம்மா. கருத்தடை செய்த ஆண், வயது பதினொன்று, உடல் பருமன், நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே படுக்கை. பூனைக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பைக் கூட்டுபவை இவைதான். பெரும்பாலும் மனிதருக்கு நடுவயதில் வரும் வகையைப் போன்றதுதான் இதுவும்: கொழுப்பு ஏற ஏற இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்பதில்லை, ஈடுகட்டிச் சுரந்து சுரந்து கணையம் களைத்துப்போகிறது. இதில் யாருக்காவது பங்கு உண்டென்றால் எனக்குத்தான். அவன் கேட்கும்போதெல்லாம் ட்ரை ஃபுட் கிண்ணத்தை நிரப்பி வைத்தது நான். பாசம் என்று நினைத்துத்தான் செய்தேன். இப்போது அளந்து வைக்கிறேன்.

நாங்கள் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன். நீ வரும்போது உன் கையில்தான் ஒப்படைக்கப் போகிறேன்.

காலை ஆறு, மாலை ஆறு. பன்னிரண்டு மணி நேர இடைவெளி. முதலில் காதில் ஒரு சொட்டு ரத்தம். இதற்குத்தான் நீ அதிகம் பயந்தாய். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு சின்ன பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அவன் காதில் அரை நிமிடம் வைப்பேன். காது சூடானதும் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய் நன்றாகத் தெரியும். காதின் உள்பக்கம் பஞ்சை முட்டுக்கொடுத்து, அந்தக் குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவே லான்செட் என்ற குட்டி ஊசியால் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் முத்து மாதிரி எழும். சர்க்கரை பார்க்கும் மீட்டரில் செருகிய ஸ்ட்ரிப்பின் நுனி பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் சற்று அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் எனக்குக் கை நடுங்கியது, ஐந்து தடவை குத்தி ஒரு சொட்டும் வராத நாள் உண்டு. இப்போது சோமு அந்தத் துணியைப் பார்த்ததும் தானே வந்து படுத்துக்கொள்கிறான், முடிந்ததும் ஒரு துண்டு வெந்த கோழி கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். விலங்குகளுக்கென்று வரும் மீட்டரின் எண் வேறாக இருக்கும். எங்களுடையது பூனைக்கானது. ஒரே மீட்டரை விடாமல் பயன்படுத்துவதும், எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்வதும் முக்கியம்.

எண்ணை எழுதிய பிறகு சாப்பாடு, அதன் பிறகு ஊசி. எண் 150க்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல் போன் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இது சோமுவுக்கு அவர் வைத்த எல்லை. வேறு பூனைக்கு வேறாக இருக்கலாம். அவன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அப்படித்தான், ஊசிக்கு முன்னால் போன்.

மருந்து கிளார்ஜின் என்ற இன்சுலின். ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள் தட்டில் வைத்திருக்கிறோம், உறையவும் கூடாது. குலுக்கவே கூடாது. சிரிஞ்ச் விஷயத்தில் மட்டும் நீ இரண்டு தடவை பார்க்க வேண்டும். எங்கள் குப்பி யூ-100, அதாவது ஒரு மில்லியில் நூறு யூனிட். விலங்குகளுக்கான சில இன்சுலின்கள் யூ-40. அதற்கு சிரிஞ்சும் வேறு. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு தவறிப்போகும். அரை யூனிட் கோடு போட்ட சின்ன சிரிஞ்ச்தான் நமக்கு வேண்டியது.

ஊசி போடுவது காதைவிடச் சுலபம். தோளுக்குப் பின்னால் அல்லது விலாப்பக்கம் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அடியில் செருகினால் போதும். ஊசி மிக மெல்லியது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், தலையைக்கூடத் தூக்க மாட்டான். தினமும் இடத்தை மாற்று. சில சமயம் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து மருந்து முடியில் வழிந்துவிடும், விரலால் தொட்டால் ஈரமும் ஒரு மருந்து வாசனையும் இருக்கும். எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாது. அந்த வேளை மறுபடி போடாதே.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூன்றாவது வாரம் நடந்தது உனக்குத் தெரியாது. அப்போது அளவு ஒன்றரை யூனிட். அன்று மாலை ஆறு மணிக்கு நான் மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா காதைக் குத்தி, சாப்பாடு வைத்து, ஊசியும் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் இறங்கி வந்து காலித் தட்டைப் பார்த்தேன். சாப்பாடு ஆயிற்று, ஊசி பாக்கி என்று நினைத்து இன்னொரு ஒன்றரை போட்டேன். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

இரவு பதினோரு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். கூடத்தில் சோமு குடித்தவன் மாதிரி தள்ளாடி, சுவரில் தோள் மோத நின்றிருந்தான். கூப்பிட்டால் பார்க்கவில்லை. கண் எங்கேயோ வெறித்திருந்தது. காதில் குத்தியபோது 47. அப்போதுதான் அம்மா, "நான் போட்டேனே" என்றாள். அந்த இரண்டு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

தேனை விரலில் எடுத்து ஈறில் தடவினேன். தொண்டைக்குள் ஊற்றவில்லை, புரையேறிவிடும். அம்மா டாக்டருக்கு அடித்தாள். அவர் போனை வைக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். அசைந்து விழுங்க ஆரம்பித்ததும் சாப்பாடு வைத்தோம். இருபது நிமிடம் கழித்து 71. தேன் சீக்கிரம் கரைந்துபோகும், உள்ளே போன இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்யும். அதனால் விடியும்வரை விட்டுவிட்டுக் குத்தினோம், விட்டுவிட்டு ஊட்டினோம். வலிப்பு வந்தால் ஈறில் தேனோடு நேராகக் கிளம்பி வாருங்கள் என்று சொல்லியிருந்தார். வரவில்லை. காலை ஊசியை நிறுத்தச் சொன்னார். ஆறு மணிக்கு அவன் என் மடியில் ஏறி உட்கார்ந்தபோது நான் அழுதேன். அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

மறுநாளே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். தேதி, எண், சாப்பிட்டானா, எத்தனை யூனிட், யார் போட்டது. கையெழுத்து இல்லாமல் இன்சுலின் குப்பி திரும்ப உள்ளே போகாது. ஒரு வேளை ஊசி தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான், அடுத்த வேளை வழக்கம்போலப் போடலாம். இரண்டு தடவை போட்டால் உயிருக்கே ஆபத்து. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதே, கண்ணம்மா. நான் எழுதியதில் இதை மட்டும் நீ ஞாபகம் வைத்தாலும் போதும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சாப்பிடாமல் சுருண்டு கிடந்து, வாந்தி எடுத்து, வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி வாடை அடித்தால் அது கீட்டோன். உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத அவசரம் அது. கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா மணல் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சாப்பாட்டை மாற்றியதில்தான் எனக்குப் பெரிய நம்பிக்கை. பூனை முழுக்க மாமிசப் பிராணி. மாவுச்சத்து அதற்கு அவ்வளவாக வேண்டியதே இல்லை. ட்ரை ஃபுட்டில் அது அதிகம், டின்னில் வரும் வெட் ஃபுட்டில் பலவற்றில் குறைவு. டாக்டர் சொன்னபடி இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குச் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், அதனால் நீ வரும்போது ஆசையாக எதையும் வாங்கி வராதே. எடையும் மெதுவாகத்தான் குறைய வேண்டும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

ஊசியில்லாத மருந்து வந்திருக்கிறதாமே என்று கேட்டாய். வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022 இறுதியில் பெக்சாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கும், 2023ல் வெலாக்ளிஃப்ளோசின் என்ற வாய்வழி மருந்துக்கும் அனுமதி கொடுத்தார்கள். உபரிச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும் மருந்துகள். பூனையின் உடம்பில் கொஞ்சமாவது சொந்த இன்சுலின் மிச்சமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை எண் நன்றாக இருக்கும்போதே கீட்டோன் சேர்ந்துவிடும். இன்சுலினில் இருக்கும் பூனைக்கு அது கொடுப்பதில்லை. சோமுவுக்கு முதல் நாளே சிறுநீரில் லேசாகக் கீட்டோன் இருந்ததால் டாக்டர் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கும் இன்சுலினே சரி என்று படுகிறது, அவன் விஷயத்தில்.

இன்னொன்றும் சொன்னார். ஆரம்பத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் கணையத்துக்கு ஓய்வு கிடைக்கும், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகும். எல்லாப் பூனைக்கும் இல்லை, நின்றது திரும்பவும் வரலாம். நான் அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. வந்தால் சந்தோஷம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். காதில் குத்துவதும் ஊசியும் சேர்த்து ஒரு நாளில் நான்கு நிமிடம்கூட ஆவதில்லை. மீதி நேரம் என்ன செய்கிறான் என்று பார். தண்ணீர்க் கிண்ணம் மறுபடி மறுநாள் வரை நிற்கிறது. ராத்திரி நான்கு தடவை மணலுக்கு ஓடுவது நின்றுவிட்டது. மந்தமாகக் கிடந்த முடியை உட்கார்ந்து நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறான். எடை 5.9, இரண்டு வாரமாக இறங்கவில்லை. போன ஞாயிறு ஊசிக்குப் பிறகு இரண்டு மணிக்கொரு தரம் பன்னிரண்டு மணி நேரம் எடுத்த எண்களில் மிகக் குறைந்தது 138. டாக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். கால் இன்னும் தரையில் படிந்துதான் இருக்கிறது. ஆனால் நேற்று சோஃபாவில் ஏறினான். முன்னங்காலால் பற்றி, பின்பக்கத்தை இழுத்து, ஏறியே விட்டான். ஏறி, உன் பழைய ஸ்வெட்டர் மேல் படுத்தான். கொடுமைப்படும் பிராணி என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றும் நாள் ஒன்று வந்தால் முதல் போன் உனக்குத்தான், சத்தியமாக.

நீ வரும் மாதம் நோட்டில் உன் பேருக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் பக்கத்தில் நிற்கிறேன், பிறகு நீயே பார்த்துக்கொள்வாய்.

அம்மா தட்டைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்கிறது. துணியை நனைக்கப் போக வேண்டும். நாளை போன் பண்ணும்போது ஆறு மணிக்குக் கூப்பிடாதே, ஆறரைக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா