லைன் போடச் சொல்வார்கள் என்றாயே

அன்பு மகள் தேன்மொழிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு எனக்கு வாய் வரவில்லை. "இனிமே எங்க யூனிட்லயும் மெய்ட் கேஸ் வரும்மா, ஐ.வி. லைன் போடச் சொல்வாங்க. நீயா இருந்தா என்ன செய்வே?" மெய்ட் என்றால் உன் கனடாவில் நோயாளியே கேட்டுக்கொண்டால் சட்டப்படி மருந்து கொடுத்து உயிரை முடித்துவைப்பது. அப்பா பக்கத்தில் இருந்தார், சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். 31 வருஷம் வார்டில் நின்றவள் லட்சணம் இது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் அப்பத்தா, உனக்குப் பூட்டி, இடுப்பொடிந்து ரெண்டு மாசம் திண்ணையில் கிடந்தாள். நான் நர்சிங் இரண்டாம் வருஷம். லீவில் வந்தால் திண்ணை காலி. முற்றத்தில் எண்ணெய்ப் பிசுக்கு காயவில்லை, மூலையில் ஏழெட்டு இளநீர்க்கூடு. "காய்ச்சல்ல போயிட்டா" என்றார் பெரியப்பா. படுக்கையில் விழுந்த கிழடுகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் ஊற்றிச் சாகவைக்கும் தலைக்கூத்தல் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நம் விருதுநகர்ப் பக்கத்தில் சொல்ல வேண்டியதும் இல்லை. இளநீர் ஊற்றியது என் அம்மா. சாவதற்கு ஒரு மாசம் முன்பு அவளே சொன்னாள், கையைப் பார்த்துக்கொண்டே. அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். பதில் இல்லை.

மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி அருணா ஷான்பாக் கதை உனக்குத் தெரியும். 1973 நவம்பர் 27-ல் அங்கேயே வேலை பார்த்த ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை இறுக்கி, மூளை போய், 42 வருஷம் படுக்கை. அவளும் நர்ஸ்தான். உணவை நிறுத்தச் சொல்லி பத்திரிகையாளர் பிங்கி விராணி கேட்ட வழக்கை 2011 மார்ச் 7-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளியது. உயிர் காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள மட்டும் நிபந்தனையோடு வழி திறந்தது அந்தத் தீர்ப்பில்தான். ஊசி போட்டு முடிப்பது இன்றும் இங்கே குற்றம். அருணாவுக்காகப் பேசும் உரிமை அவளைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே என்றது கோர்ட். அத்தனை வருஷத்தில் ஒரு படுக்கைப்புண் இல்லை. அதற்கு ராத்திரி பகல் எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும் என்று ஜட்ஜைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு எங்கள் டியூட்டி ரூமில் பாதிப் பேர் கைதட்டினோம். ரோஸி சிஸ்டர் மட்டும், "அவளுக்கு இது வேணுமான்னு யாரு கேட்டா?" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம். 2015-ல் அருணா நிமோனியாவில் போனபோது அந்தக் கேள்விதான் திரும்பி வந்தது.

இன்னொரு ஆள். வாய்ப் புற்று, லாரி டிரைவர். டிரெஸ்ஸிங் மாற்றப் போனாலே, "ஒரு ஊசியப் போட்டு முடிச்சிருங்கம்மா" என்று என் சேலையைப் பிடித்துக்கொள்வார். மார்ஃபின் வாங்கவே அப்போது லைசென்ஸ் மேல் லைசென்ஸ். 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கொஞ்சம் இளகியது. ஒருவழியாக மாத்திரை வந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், தவறாமல். மூன்றாம் நாள் காலையில் அவர் கேட்டது சைகையில், ஒரு டம்ளர் காப்பி. ஊசியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. பதினோரு நாள் கழித்துத்தான் போனார்.

எல்லாருக்கும் அப்படி அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். அடங்காத வலியையும் பார்த்தவள் நான். உன் ஊரில் 2016-லிருந்து சட்டம் இருக்கிறது, நோயாளி தானே கேட்க வேண்டும், ரெண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எங்கள் திண்ணையில் நடந்தது அது இல்லை. அதனால் போடாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் போடு என்றும் சொல்ல மாட்டேன். மனசு ஒப்பவில்லையா, இப்போதே இன்சார்ஜிடம் எழுதிக் கொடு. கட்டாயப்படுத்த அங்கே சட்டம் இடம் தரவில்லையே. கட்டில் பக்கத்தில் போய் நின்றுகொண்டு முகத்தைத் திருப்பாதே, அந்த மனுஷர் உன் முகத்தைத்தான் பார்ப்பார். ஒப்பினாலும், வலிக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று சார்ட்டை நீயே ஒரு தடவை புரட்டு. டாக்டர் பார்த்திருப்பார் என்று விடாதே.

நானும் உயில் எழுதிவிட்டேன், சொத்து உயில் இல்லை. கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் 2018 தீர்ப்புப்படி முன்கூட்டியே எழுதுவது. முன்பு மாஜிஸ்திரேட் வரை போகணும், 2023-ல் சுலபமாக்கி, ரெண்டு சாட்சி, நோட்டரி கையெழுத்து போதும் என்றார்கள். தேறாது என்று தெரிந்த பிறகு வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். முடிவு சொல்ல உன் பெயர். அப்பாவுக்கு வருத்தம்தான், அவரால் முடியாது. பீரோவில் என் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

அதில் எழுதாதது ஒன்று: வாயில் ஏதாவது விடுவதானால் காப்பி விடு. இளநீர் வேண்டாம்.

அம்மா