'நமது நிருபர்' என் மாமியார்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண் பத்திரிகையாளர்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் சென்னையில் தொடங்கிக் கோவையோடு நின்றுவிட்டது. சின்ன ஊர்களில் பெண்கள் செய்தி சேகரிக்க வந்ததே கேபிள் டிவி வந்த பிறகுதான் என்று அதில் ஒரு வரி. என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "எழுதிட்டுப் போறாங்க, விடு அம்மிணி" என்றார். எனக்கு விட மனமில்லை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வில்லேஜ் ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளத்தில் வரும், வீட்டுப் பேச்சு தமிழ். 1980களில் மாமா பேப்பர் ஏஜென்சி எடுத்தார். கொஞ்ச நாளில், "உள்ளூர்ச் செய்தியும் அனுப்புங்கள்" என்று பத்திரிகையில் கேட்டார்கள். மாமாவுக்குக் கணக்கு வரும், எழுத்து வராது. அத்தை எழுத ஆரம்பித்தார். அடையாள அட்டை மாமா பெயரில். அச்சில் வந்ததோ 'நமது நிருபர்'. பஞ்சாயத்து ஆபீஸில்கூடப் பல காலம் மாமாதான் நிருபர் என்று நினைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு அத்தை போய் உட்கார்ந்தால், வீட்டுக்காரருக்காகக் குறிப்பெடுக்க வந்திருக்கிறார் என்று பேச்சு.

கையால் எழுதி, கவரில் போட்டு, பொள்ளாச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அச்சில் வந்த செய்தியை வெட்டி வெள்ளைத்தாளில் ஒட்டி மாதக் கடைசியில் அனுப்பினால், நீளத்தை அளந்து பணம் வரும். வெட்டுவதும் ஒட்டுவதும் மாமா வேலை. என் கணவரும் கொழுந்தனாரும் பள்ளிக்கூடம் போகும் முன்பு சைக்கிளில் வீடு வீடாகப் பேப்பர் போடுவார்கள். நான் மருமகளாக வந்த மறுவாரமே ஞாயிற்றுக்கிழமை விடியலில் இணைப்பு சொருக உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். கட்டுரையில் ஒரு பெண்ணைப் பற்றி 'தனி ஒருத்தியாக' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு ஆள் எழுத, ஐந்து பேர் தூக்கம் கெட்டோம்.

நாத்தனார் ஒருவர் இருக்கிறார். அவர் வயதுக்கு வந்ததற்கான திரட்டிச் சீர் நடந்த அன்று செக்போஸ்ட் பக்கம் லாரி கவிழ்ந்துவிட்டது என்று தகவல் வந்தது. அத்தை பட்டுச் சேலையோடு போய்விட்டார். திரும்பி வரும்போது பந்தி முடிந்திருந்தது. நாத்தனார் இன்றுவரை வீட்டுக்குப் பேப்பர் போட விடுவதில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

அத்தைக்குச் செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடும் உங்கள் டெஸ்க்கோடு தீராத சண்டை ஒன்று உண்டு, ஆழியாற்றுத் தண்ணீர். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு வரவேண்டும். அதுதான் சித்தூர்ப் புழைக்கு வந்து எங்கள் பக்கத்து நெல்லுக்கும் தென்னைக்கும் பாய்கிறது. வரத்து குறைந்தால் இங்கே சாலை மறியல். மறியலில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிற விவசாயிகள். அத்தை அதை அப்படியே எழுதி அனுப்புவார். அச்சில் 'கேரள விவசாயிகள் அடம்' என்று வரும். ஒருமுறை எஸ்.டி.டி. பூத்திலிருந்து, "அடம் பிடிக்கிறவங்கெல்லாம் பொள்ளாச்சியில பொண்ணு எடுத்தவங்க சார்" என்று கத்தினார். பூத்காரர் அந்த போன் பேச்சுக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் அடுத்த முறையும் தலைப்பு மாறவில்லை.

பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு எதிரே ஆதிவாசி மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தது 2002 ஏப்ரல் 22-ல். போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மாவின் பெயர் வெளியூருக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். அங்கே உட்கார்ந்த எரவாளர் என்ற ஆதிவாசிப் பெண்கள் பேசும் தமிழ் வெளியூர் நிருபர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்வார். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று அந்தப் பெண்கள் சொன்னதை அவர் எழுதி அனுப்பினார். கள்ளச்சாராயக் கேன் பிடிபட்ட செய்திக்குக் கீழே ஆறு வரி வந்தது. ஆலை 2004 மார்ச்சில் நின்றது. அதற்குள் எங்கெங்கிருந்தோ நிருபர்கள் வந்து போனார்கள், எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர்கள் எழுதியதிலெல்லாம் அவரவர் பெயர் இருந்தது. மாவாட்டியவள் என்கிற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எழுத்து மட்டும் அல்ல. அட்சர கேரளம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது சாயங்காலம் தோப்புப் பக்கம் ஒரு கொட்டகையில் வகுப்பெடுத்தார். விற்காமல் ரிட்டர்ன் போகவேண்டிய பேப்பரின் தலைப்புகளை வைத்துத்தான் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார். ரிட்டர்ன் குறைந்த காசை மாமா கையிலிருந்து கட்டினார். கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991 ஏப்ரல் 18-ல் அறிவித்தபோது, அந்தப் பெண்களில் இருவர் மறுநாள் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கிக்கொண்டு போனார்களாம். அதை அத்தை நூறு தடவை சொல்லியிருப்பார். இப்போது வீட்டுக்கே வந்து நோயாளிகளைக் கவனிக்கும் பாலியேட்டிவ் நர்ஸோடு படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போகிறார். பேப்பர் வாசித்துக் காட்டுவார். அவர்கள் முதலில் கேட்பது இரங்கல் செய்தி, அப்புறம் தங்கம் விலை. தலையங்கம் இதுவரை யாரும் கேட்டதில்லை, நீங்கள் கோபிக்கக்கூடாது.

ஓய்வூதியம் ஏதாவது கிடைக்குமா என்று என் கணவர் விசாரித்துப் பார்த்தார். குடியிருப்பது கேரளத்தில், அங்கே கேளுங்கள் என்றார்கள் ஒரு பக்கம். எழுதியது தமிழ்நாட்டுப் பத்திரிகைக்கு, அங்கே போங்கள் என்றார்கள் இன்னொரு பக்கம். எழுதியதற்கு ஆதாரம் கேட்டார்கள். மாமா ஒட்டி வைத்த கட்டிங் மூட்டை மச்சில் இருக்கிறது. எல்லாவற்றிலும் 'நமது நிருபர்' என்றுதான் இருக்கிறது. அது இவர்தான் என்று யார் சான்று தருவது?

ஆகவே ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. மாவட்டப் பக்கச் செய்திக்குக் கீழே, பகுதிநேர நிருபராக இருந்தாலும், எழுதியவர் பெயரைப் போடுங்கள். பொடி எழுத்தில் போட்டாலும் போதும். அத்தையைக் கேட்டால் வேண்டாம் என்பார். இது நான் கேட்பது. வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று இந்த எல்லை நெடுக இப்போதும் அளந்து வரும் காசுக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறு பார்சலில் இணைப்புப் பிரதிகள் குறைவாக வருவது பற்றிச் சர்க்குலேஷனுக்குத் தனிக் கடிதம் போட்டிருக்கிறேன். இதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பேப்பர் ஏஜென்ட்,
கொழிஞ்சாம்பாறை